கண் தப்பிய சட்டைகள்

பிழை இல்லாத சட்டையைப் பஸீஹா நம்பவே மாட்டாள்.

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் அவள் வீட்டு முன்னறையில் நாலு மெஷின். சகீனாவும் ஹவ்வா உம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைத்தார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு பஸீஹா பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பொத்தான் ஒன்று கோணலாக அகப்பட்டால் போதும், தைத்தவளுக்கு நல்லதாக நாலு ஏச்சு. பிறகு தானே பிரித்து, தானே தைத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைப்பாள்.

ஆரம்பத்தில் ஒரு நாள் மட்டும் எதுவுமே அகப்படவில்லை. எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று சொல்லி, மடித்து வைத்ததையெல்லாம் திரும்பவும் உதறத் தொடங்கினாள். அது எண்பத்தொன்பதாம் வருஷம். கடையைத் திறந்தால் ஒரு கூட்டம் மிரட்டும், பூட்டினால் இன்னொரு கூட்டம் மிரட்டும். ஊரடங்கு எப்போது வரும் என்று ரேடியோவுக்கே தெரியாது. அன்றைக்கு இருட்டிய பிறகுதான் விட்டாள்; பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

அதன் பிறகு ஒரு நாளும் அவளுக்குப் பிழை அகப்படாமல் போனதில்லை. தன் கண் அவ்வளவு கூர்மை என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

புருஷன் றவூபுக்கு வேறு கணக்கு. பின்பக்கத்து அறையைப் பெருப்பித்து இன்னும் பத்து மெஷின் போடலாம், ஊரில் தைக்கத் தெரிந்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்பான்.

"நாலு பேர்ட பிழையைப் புடிக்கவே இந்த ரெண்டு கண்ணு பத்தல்ல. இன்னும் பத்துப் பேருக்கு நான் கண்ணுக்கு எங்க போவேன்?"

"அவங்க தைச்சத அவங்களே பாக்கட்டுமே, புள்ள."

"நல்லாப் பாப்பாங்க. கொலர் இருக்க வேண்டிய இடத்துல கை இருக்கும்."

இதற்குள் கண்டி டவுனில் புடைவைக் கடை வைத்திருக்கும் தியாகராஜா சொல்லி அனுப்பினார். அடுத்த கட்டுச் சட்டை திருப்தியாக இருந்தால் வருகிற வருஷத்து ஓடர் முழுக்க பஸீஹாவுக்கு. இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு கார்மென்டுக்குக் கொடுத்துவிடுவாராம்.

கட்டு தைக்கத் தொடங்கிய அன்றே பஸீஹாவின் சின்ன மகனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கண்டி ஆஸ்பத்திரியில் வார்டில் வைத்துக்கொண்டார்கள். பஸீஹா பிள்ளையோடு உள்ளே, ஊரடங்கு வெளியே. கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். மறு கை, தன்பாட்டில் போர்வை ஓரத்துத் தையலைத் தடவிக்கொண்டிருக்கும். அதிலும் இரண்டு பிழை அகப்பட்டது.

காய்ச்சல் இறங்கிய அன்று, ஊரடங்கு தளர்ந்த இடைவெளியில் றவூப் வந்தான். சட்டையெல்லாம் தைத்து முடிந்ததாம். வருகிற வழியில் கடையில் கொடுத்துவிட்டானாம்.

"நான் பாக்காமயா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. தாதி வந்து, காய்ச்சல் யாருக்கு என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்றே மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தியாகராஜாவின் கடை வாசலுக்குப் போய்விட்டாள். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தவளுக்கு, அவர் கதிரை எடுத்துப் போட்டது இன்னும் பயமாக இருந்தது. கெட்ட செய்தி சொல்வதற்குத்தான் ஆட்களை உட்கார வைப்பார்கள்.

தியாகராஜா முந்தின கட்டுச் சட்டை ஒன்றை மேசையில் விரித்தார். பொத்தானைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள்.

"இது பிரிச்சுத் தைச்ச அடையாளம், பிள்ளை. ரெண்டு தரம் தோய்க்க இந்த இடம் கிழிஞ்சு போகும். ஒவ்வொரு கட்டிலையும் இப்பிடிக் கொஞ்சம் கிடக்கும். சொன்னால் மனம் நோவியள் எண்டு பேசாமல் இருந்தனான்."

பஸீஹா சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தத் துளைகள் அவளுடைய ஊசி போட்டவை.

"இந்த முறை ஒண்டுகூட இல்லை. ஓடர் உங்களுக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை. இந்தக் கட்டை ஆர் சரிபார்த்ததோ, இனி அவையே பார்க்கவேணும்."

மடவளை பஸ்ஸில் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் வந்து சேர்ந்தாள். யார் பார்த்திருப்பார்கள்? றவூபுக்குச் சட்டையில் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்றே தெரியாது. வந்ததும் வராததுமாக முன்னறைக்குள் நுழைந்தாள்.

"சகீனா, உண்மையைச் சொல்லு. ஏச மாட்டேன். சட்டைய யாரு பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கல்ல, ராத்தா."

"அப்ப எப்படி ஒரு பொத்தான்கூடக் கோணலில்ல?"

மெஷின்கள் நின்றன. சகீனா ஹவ்வா உம்மாவைப் பார்த்தாள். ஹவ்வா உம்மா, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு பிழையாவது அகப்பட்டாத்தானே, ராத்தா, ஊரடங்குக்கு முந்தி எங்கள வீட்டுக்கு உடுவீங்க. அதுக்குத்தான் கிழமைக்கு ஒராளா முறை வச்சிக் கோணலாத் தைச்சோம். இந்தக் கிழமை என்ட முறை. ஏச நீங்க இல்லையே, பேசாம நேரா வச்சிட்டேன்."