கறுப்பா அடிச்ச ஒரு வரி

எல்லாரும் சௌக்கியமா? சாப்பாடு, தூக்கமெல்லாம் ஒழுங்கா நடக்குதா? சரி, இதைக் கேளுங்க.

சாயங்கால வெயில் மேஜை மேல சாஞ்சு விழுது. யுனிவர்சிட்டியில சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற புரொபசரம்மா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. கோடை லீவுல ஆராய்ச்சி பண்றதுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: 'நேரில் சென்று பார்க்க வேண்டிய அவசியம் என்ன?' பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கிடக்கு. யுத்த சமயத்துல ஒரு நர்ஸ் தன் அக்காவுக்கு எழுதின லெட்டர் அது. தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் பஞ்சாயிடுச்சு. அதுல ஒரு வரியை யாரோ கறுப்பா அடிச்சிருக்காங்க. எழுதினவளே அடிச்சாளா, இல்ல தபாலைப் பிரிச்சுப் படிச்ச அதிகாரி அடிச்சானா? ஜெராக்ஸ்ல எல்லா மையும் ஒரே கறுப்பு. அசலைப் பார்த்தாத்தான் அது அவ பேனா மையா, வேற மையான்னு தெரியும். அதுவோ கடல் தாண்டி ஒரு நூலகத்துல இருக்கு.

துறைத்தலைவர் கதவுல சாஞ்சு நிக்கிறார். "இன்னுமா மேடம் அந்த ஒரு வரி? மூணு வருஷமா சிபாரிசு எழுதி என் கையே தேஞ்சுபோச்சு."

"அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவேன் சார். அப்புறம் உங்க கைக்கு ஓய்வுதான்."

அவர் சிரிக்கல. "சமுதாயத்துக்குப் பயன்னு நாலு வார்த்தை சேர்த்துப் போடுங்க மேடம், அப்பத்தான் குடுப்பாங்க"ன்னு மெதுவா சொல்றார்.

புரொபசரம்மா அந்த நாலு வார்த்தையையும் டைப் பண்றாங்க. கொஞ்ச நேரம் பார்க்கிறாங்க. அழிச்சிடுறாங்க. 'அவள் தானே வாயை மூடிக்கொண்டாளா, மூடவைத்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்'னு மட்டும் எழுதி, அனுப்பிடுறாங்க.

நீங்களும் எதையாவது நேர்ல பார்த்துடணும்னு இப்படி ஏங்கியிருக்கீங்களா? எனக்கு எழுதுங்களேன்.