ஆடுற நாற்காலி

“இன்னிக்கு மட்டும் நடுவுல எழுந்து போயிடாதீங்கம்மா. போன வாட்டி போனதுக்கே பேப்பர்ல கிழிச்சுட்டாங்க. இன்னொரு தடவைன்னா தலைவர் உங்க பதவியையே எடுத்துடுவார்.”

நாடாளுமன்ற வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டார் கட்சிக் கொறடா.

போக்குவரத்து அமைச்சர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன வாரம் கேள்வி நேரத்தில் பால் கொடுக்க எழுந்து போனாள். ‘பதில் சொல்லப் பயந்து ஓடிய அமைச்சர்’ என்று மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது.

இன்றைக்குக் கேள்வி நேரம் முழுக்க அவள் துறைதான். குழந்தை பின்னாலிருந்த அறையில், அவள் கணவனிடம்.

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வைக்க வந்த ஊழியர் குனிந்தார்.

“அம்மா, பாப்பா வீறிட்டு அழுவுது. புட்டியை வாய்கிட்ட கொண்டு போக விடல. சார் உங்களை உடனே வரச் சொன்னார்.”

“இப்ப வர முடியாதுன்னு சொல்லிடுங்க.”

“தொண்டை கட்டிப்போச்சும்மா குழந்தைக்கு.”

அவள் கையை அசைத்து அனுப்பினாள். ஊழியர் போய்விட்டார். மார்பு கனத்து வலித்தது. ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையிலிருந்து கொறடா கண்ணாலேயே மிரட்டினார்.

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் ரகளையார் அவசர அவசரமாக வந்து எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். சபையில் அவருக்கு அந்தப் பேர்தான். பச்சைத் துண்டு, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய தொண்டை.

“வந்துட்டாருய்யா. இனிமே சபை உருப்பட்ட மாதிரிதான்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அடுத்த கேள்வி அவருடையதுதான். அவர் தொகுதியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பஸ் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படகில் போகிறார்கள். அதற்கு ஒரு பஸ் கேட்டுக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுதிப் போட்டு, இன்றைக்குத்தான் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் விழுந்திருக்கிறது.

“கேளுங்க” என்றார் சபாநாயகர்.

ரகளையார் எழுந்தார். அமைச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

“என் நாற்காலி ஆடுது.”

சபை சிரித்தது.

“உங்க கேள்வியைக் கேளுங்க.”

“ஆடுற நாற்காலியில உக்காந்துகிட்டு எப்படிக் கேக்கறதுங்க? முதல்ல நாற்காலிக்குப் பதில் சொல்லுங்க.”

“வேற நாற்காலி போடச் சொல்றேன்.”

“வேற எனக்கு எதுக்கு? இது ஜனங்க குடுத்த நாற்காலி. இதுவேதான் வேணும். ஆடாம வேணும்.”

பக்கத்திலிருந்த அவர் கட்சிக்காரர் துண்டைப் பிடித்து இழுத்தார். “அண்ணே, நம்ம பஸ்ஸுண்ணே. இன்னிக்கு விட்டா போச்சு.”

“நீ சும்மா இருப்பா.”

அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். ரகளையில் போகிற நேரத்துக்கு ஈடாகச் சபாநாயகர் கேள்வி நேரத்தை நீட்டிவிடுவார். குழந்தை இன்னும் எவ்வளவு நேரம் கத்தும்?

எழுந்துவிட்டாள்.

“சபாநாயகர் அவர்களே, இங்க எல்லாருக்கும் வேலை இருக்கு. வெட்டிச் சண்டை போடுறவரை வெளிய அனுப்பிட்டு சபையை நடத்துங்க.”

அவள் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். கொறடா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“கடைசியா சொல்றேன்” என்றார் சபாநாயகர். “உக்காரலேன்னா இந்தக் கூட்டத்தொடர் முழுக்க சஸ்பெண்ட். உங்க கேள்வியும் தள்ளுபடி.”

ரகளையார் கையிலிருந்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நேராக நடுச்சபைக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“தரை ஆடல. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

காவலர்கள் தூக்கப் பார்த்தார்கள். அந்த உடம்பு லேசில் வருமா? ஆளாளுக்குக் கத்த, ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை.

சபாநாயகர் மணியை ஓங்கி அடித்தார்.

“உறுப்பினர் சஸ்பெண்ட். சபை அரை மணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது.”

அவள் ஓடினாள்.

அறையில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கணவன் தோளில் துவண்டு கிடந்தது. வாங்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். முட்டி முட்டிக் குடித்தது. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

“நாற்காலி ஆடுதாம். அதுக்கு ஒரு ரகளை. சொந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பஸ் கேட்க வந்த மனுஷன், அதைக் காத்துல விட்டுட்டுத் தரையில உக்காந்து கூத்தடிக்கிறார். நல்லா வேணும். நான்தான் வெளிய அனுப்பச் சொன்னேன்.”

கணவன் நிமிர்ந்து பார்த்தான்.

“பச்சைத் துண்டு போட்டிருந்தாரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வழியாத்தான் போனார். அழுகையைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நீ வர முடியாதுன்னு ஊழியர் வந்து சொன்னப்போ பக்கத்துலதான் நின்னார்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் இல்ல. பாப்பா காலைத் தொட்டுப் பார்த்துட்டு, ‘கொஞ்சம் பொறுங்க தம்பி, இவங்கம்மாவை நான் அனுப்பி வைக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனார்.”