அக்கறையுள்ள அப்பா

“ஆய்வேட்டுல காரணத்த மாத்தி எழுது ஜான்சி. வீட்டுல அக்கறை இல்லாததாலதான் இந்த கிராமத்துப் புள்ளைங்க இங்கிலீஷ்ல இவ்ளோ தப்பு பண்ணுதுங்கன்னு எழுது. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

சிதம்பரத்துக் கல்லூரியில் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் செந்தமிழ்செல்வனை எதிர்த்து எம்.ஃபில். மாணவிகள் யாரும் பேசியதில்லை. ஜான்சி பேசினாள்.

“மாத்த மாட்டேன் சார். நெல்லிக்குப்பத்துல ஒரு புள்ள, கரும்பு வண்டி ஓட்டுற அப்பாவப் பத்தி எழுதியிருக்கு. வரிக்கு ரெண்டு தப்பு. ஆனா சொந்தமா யோசிச்சு எழுதினதாலதான் அந்தத் தப்பே வருது.”

“பேசுறதுக்கு மட்டும் கொறச்சல் இல்ல!”

பெயர்களை நீக்கி, எண் மட்டும் இட்டு அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகளின் ‘என் அப்பா’ கட்டுரைகளைக் கிளறி, அவர் ஒன்றை உருவினார்.

“இதப் படி. இந்த அப்பனும் விவசாயிதான். விடியக்காலம் ஏரோட்டப் போறானாம். ஒரு தப்பு காட்டு பாப்போம்! புள்ள மேல அக்கறை உள்ள அப்பன் எப்படி வளத்திருக்கான் பாத்தியா?”

“அது இந்த ஊரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல எழுதினது சார். நோட்ஸ்ல இருந்தத மொத்த கிளாஸும் மனப்பாடம் பண்ணி அப்படியே எழுதியிருக்கு. டாக்டர் புள்ள, வக்கீல் புள்ள, எல்லாரோட அப்பாவும் அங்க ஏரோட்டுறவருதான்.”

ஜான்சி ஆய்வேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்களும்தான் சார். உங்க கையில இருக்கறது உங்க பொண்ணு எழுதினது.”