தாளத்தில் அடங்காத இடைவெளி

காலையில் தண்ணீர் வந்ததும் ரெய்னியர் எழுந்தான். கீழே போய் வாளிகளை நிரப்பி மூன்றாம் மாடிக்குச் சுமந்தான். மோட்டார் சுவிட்ச் மொட்டைமாடியில் இருந்தது. அங்கே போகும் படிக்கட்டு சென்ற மழைக்காலத்தில் ஆளோடு சேர்ந்து இடிந்து விழுந்ததிலிருந்து, அந்த வாசலில் பலகை அடித்திருந்தார்கள்.

காப்பி போட்டான். குடித்தான். பியானோ முன் உட்கார்ந்தான்.

கொங்கா மேளங்களோடு ஓஸ்மெல் வந்தான். பின்னாலேயே, குழுவில் புதிதாகச் சேர்ந்த யாய்மா பேஸ் கிதாரோடு வந்தாள். மறுநாள் ஒலிப்பதிவு.

ரெய்னியரின் இடது கை ரும்பா வாசித்தது, வலது கை ஜாஸ். ஹவானாவில் வேறு யாருக்கும் அந்த வேகம் கிடையாது. உச்சத்தில், எப்போதும் போல, சட்டென்று நிறுத்தினான். அவன் தலை, வாசல் பக்கம் திரும்பியது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

யாய்மா இன்றும் தப்பாக நுழைந்தாள்.

"மேஸ்ட்ரோ, இந்த இடைவெளி எத்தனை தட்டு?"

"தெரியாது."

"தெரியாதா? எந்தத் தாளத்துலயும் உக்கார மாட்டேங்குது. ஆனா தினமும் மயிரிழை மாறாம அதே நீளம்! எங்கள முட்டாளாக்கத்தானே?"

ஓஸ்மெல் சிரித்தான். "விடும்மா. ஐயா மேதை. சும்மா உக்காந்திருந்தாக்கூட சனம் கை தட்டும்."

"கியூபாவுல பொறந்துட்டு தாளத்த உடைக்கறதா? எங்கம்மா கேட்டா செருப்பால அடிப்பா. அங்க நான் எதையாவது வாசிச்சு மூடிடறேன்."

"வேண்டாம்."

"அப்ப நாளைக்கு வேற ஆளப் பாருங்க."

கிதாரை உறைக்குள் வைத்தாள். அவள் போனால் ஒலிப்பதிவும் போயிற்று. பேஸ் வாசிக்கத் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் மாட்ரிட் போய்விட்டார்கள்.

ரெய்னியர் கைபேசியை எடுத்துப் பியானோ மேல் வைத்தான்.

"இந்த மெட்டு பொறந்த அன்னிக்குப் பதிஞ்சது. கேட்டுட்டுப் போ."

கைபேசியில் பியானோ ஓடியது. உச்சத்தில், தெருவில் யாரோ "தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினார்கள். பியானோ நின்றது. நாற்காலி நகர்ந்தது.

அடுத்து வந்த குரலைக் கேட்டதும் ஓஸ்மெல் தொப்பியைக் கழற்றினான். ரெய்னியரின் மனைவி மிலேய்டி.

"நீ எந்திரிக்காத, வாசி. மோட்டார நான் போய்ப் போட்டுட்டு வரேன்."