வலி மதிப்பெண்

தூத்துக்குடி பிளெஸ்ஸி சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவள். அவள் எழுதிய நாவலின் கதாநாயகியும் அப்படித்தான். ஆனால் அந்தக் கதாநாயகி சனிக்கோளின் நிலவொன்றில் காதலித்து, ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ‘எல்லோருக்குமான அறிவியல் புனைவு’ விருதின் கடைசிச் சுற்றுக்கு அந்த நாவல் வந்திருந்தது.

விழா தொடங்குமுன் அமைப்பாளர் நிர்மல் அவளிடம் வந்து தயங்கி நின்றார்.

“மேடம், நாவல்களைப் படிச்சு மதிப்பெண் போடுற தேர்வு இயந்திரம் உங்களுக்கு வலி மதிப்பெண் ரொம்பக் கம்மியா போட்டிருக்கு. உங்க கதாநாயகி ஒரு இடத்துலகூட அழலையாம். அதுவே ஒரு அத்தியாயம் எழுதிக் குடுத்திருக்கு. மேடையில அதை வாசிச்சிடுங்க, விருது உங்களுக்குத்தான்.”

பிளெஸ்ஸி படித்துப் பார்த்தாள். கதாநாயகி தன் கால்களைப் பார்த்துப் பக்கம் பக்கமாக அழுதுகொண்டிருந்தாள்.

“இவ யாருன்னே எனக்குத் தெரியல சார்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

மேடையேறியதும், கல்யாணப் பந்தியில் ஈர்ப்புவிசை நின்றுபோய் ரசம் எல்லோர் தலைக்கு மேலும் மிதக்கிற அத்தியாயத்தை வாசித்தாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பின்னால் திரையில் அவள் வலி மதிப்பெண் மளமளவென்று சரிந்து பூஜ்யத்தைத் தொட்டது. உடனே ஒலிவாங்கி அணைந்தது. விருது பெறுபவராகத் திரையில் வேறொருவர் பெயர் மின்னியது. நிர்மல் ஓரமாக நின்று, இறங்கி வரும்படி கையைக் காட்டினார்.

பிளெஸ்ஸி நாற்காலியின் பிரேக்கை இறுக்கிப் போட்டாள்.

“கேக்கலக்கா, சத்தமா வாசிங்க!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

“ரசம் இன்னும் கீழ இறங்கல, கேளுங்க!” என்று பிளெஸ்ஸி தொண்டையைத் திறந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கினாள்.