ஒருக்கா மட்டும்

குகதாசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று, கனடாவின் வட ஒன்ராறியோவில் வீதியெல்லாம் பனியால் மூடியிருந்தது. அவருடைய காணிக்குள்ளால் போகும் காட்டுப் பாதையில் பனிவண்டி மட்டும்தான் வரலாம். ஆளில்லாத மீட்புப் பனிவண்டி விரைந்து வந்தது. வந்து, காணி எல்லையில் நின்றுவிட்டது.

"காணி உரிமையாளரின் குரலில் அனுமதி வேண்டும்" என்றது அவர் மனைவி யோகமலரின் கைபேசி.

"நான் அவற்றை மனிசி! உள்ளுக்கு வா!"

"உரிமையாளரின் குரல் வேண்டும்."

அந்தப் பாதைக்கு நிரந்தர அனுமதி தரச்சொல்லிப் பனிவண்டிச் சங்கத்தார் கேட்டுக் களைத்துப் போனார்கள். "பாதை குடுத்தால் காணி போச்சு" என்றே குகதாசன் அனுப்பிவிடுவார். ஊரில் ஒரு முழ ஒழுங்கைப் பாதைக்காகச் சொந்தத் தமையனோடு வழக்காடியவர் வேறென்ன சொல்வார்?

யோகமலர் கைபேசியை அவர் வாயருகே பிடித்தாள். "இஞ்சாருங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோ!"

"எவ்வளவு காலத்துக்கு அனுமதி?" என்றது குரல்.

அவர் கண் பாதி திறந்தது.

"ஒருக்கா... மட்டும்."

வண்டி வாசலுக்கே வந்தது. அதன் இயந்திரக் கைகள் அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, ஒட்சிசன் முகமூடியை மாட்டின. யோகமலரும் ஏறிக்கொண்டாள். வண்டி உறுமியது, ஆனால் அசையவில்லை.

"ஒருமுறை அனுமதி உள்ளே வந்ததோடு முடிந்தது. திரும்பிப் போக உரிமையாளரின் குரல் வேண்டும்."

"அவராலை கதைக்க ஏலாது!"

"உரிமையாளரின் குரல் வேண்டும்."

யோகமலர் அவருடைய ஒட்சிசன் முகமூடியைக் கழற்றினாள்.