சரிவுக்கு ஒரு செடி

"இன்னாங்க, இன்னா செடின்னு இன்னுமா முடிவு பண்ணல? வானம் கறுத்துக்கினு வருது!"

மனைவி ஜெபீனா போட்ட சத்தத்தில் அமீனுல்லா தலையைச் சொறிந்தார். கள்ளக்குறிச்சியில் முப்பது வருஷமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறவர். மலையடிவாரத்தில் இந்த வீட்டை வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. கொல்லைப்புறம் ஒரே சரிவு. போன மழையில் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் முழங்கால் அளவு சேறு இறங்கியதாம். இந்த வீடு மட்டும் எப்படித் தப்பியது என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஒருத்தன் மூங்கில்ன்றான், ஒருத்தன் சவுக்குன்றான். யார் பேச்சைக் கேக்கறதுன்னே புரியல, போ!"

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் அடுப்புல மண்ணுதான் வேகும்."

புதுச் செடி வைக்க இடம் வேண்டுமே என்று, போன வாரமே, சரிவில் மண்டிக் கிடந்த புல்லை அகற்ற ராஜாம்பாளைக் கூலிக்கு வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமா பாய்?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணு வுடாத. வேரோட தோண்டிடு. பாம்பு வந்து அடையும்."

"வேரோடவா? சரிங்க பாய், புரிஞ்சுது" என்று சிரித்தாள். இதில் புரிய என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் புரியவில்லை.

அவர் கடைக்குப் போய் வந்த இரண்டே நாளில் சரிவு மொட்டைத் தலையாகிவிட்டது. அன்றிலிருந்து இன்னொரு தொல்லை. கொல்லைப் பக்கம் போனாலே அவருடைய கடை வாசம் அடித்தது. சட்டையைக் கழற்றி மோந்து பார்த்தார். சட்டையில் இல்லை. அட, இது என்னடா கூத்து!

மதியம் விவசாயம் தெரிந்த நண்பர் ஒருவர் போனில் வழி சொன்னார். அமீனுல்லாவுக்குத் தலை கால் புரியவில்லை.

"ஜெபீனா! வெட்டிவேராம்! ஆளு உசரத்துக்கு மேல வேர் எறங்கி மண்ணைப் புடிச்சுக்குமாம். கட்டுக் கட்டா விக்கிற எனக்கு இது தோணாமப் போச்சே!"

அந்த நேரம் பார்த்து ராஜாம்பாள் தலைச்சுமையாக ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"நல்ல நேரத்துலதான் வந்திருக்க! இந்தப் பக்கம் வெட்டிவேர் நாத்து எங்க கெடைக்கும்?"

ராஜாம்பாள் திருதிருவென விழித்தாள். மூட்டையை அவிழ்த்தாள். குப்பென்று அதே கடை வாசம். உள்ளே, கழுவிக் காயவைத்துக் கட்டிய வேர்க்கட்டுகள்.

"பழைய வூட்டுக்காரரு மண்ணு சரியக்கூடாதுன்னு வரிசையா நட்டு வச்சது பாய் அந்தப் புல்லு. வேர் விக்கிறவரு வேரோட தோண்டச் சொன்னா, கடைக்குத்தான்னு நெனச்சேன். புல்லு, நாத்துக்கு ஆகுற தூரு எல்லாத்தையும் நேத்துதான் கொளுத்தினேன்!"